சிரிக்காத பன்றித் தலை

பணத்தாசை பற்றிப் படம் எடுப்பவனுக்குப் பணத்தாசை இருக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் என்னைப் படப்பூஜை அன்றே பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள்.

என் பெயர் பியோ கிபோம். வயது ஐம்பத்தொன்று. பதினேழு வருடம் அடுத்தவர் படங்களில் உதவி இயக்குநராக இருந்தேன். மழைக் காட்சிக்குத் தண்ணீர் லாரி வந்ததா, நாயகனின் காபி ஆறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே என் தலைமுடி போய்விட்டது. ஒரு வழியாக என் கதைக்கும் ஒரு முதலாளி கிடைத்தார். பழைய மீன் கிடங்கு ஒன்றில் யாரோ புதைத்து வைத்த பணத்தை ஏழு பேர் தேடுகிறார்கள். படம் முடியும்போது பணம் இருக்கிறது, ஏழு பேர் இல்லை. மொத்தம் தொண்ணூற்று நான்கு காட்சிகள். எழுதும்போது எனக்கே கை நடுங்கியது என்று பேட்டி கொடுக்கத் தயாராக வைத்திருந்தேன். பேட்டி கேட்கத்தான் ஆள் வரவில்லை.

ஒத்திகை நாட்களில் நடிகர்களைத் தரையில் உட்காரவைத்து வகுப்பு எடுப்பேன். “பணம் வேணும்ங்கற மூஞ்சி எல்லார்கிட்டயும் இருக்கு. அது எனக்கு வேணாம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பணம் வரலைன்னா நான் மனுஷனே இல்லைங்கற மூஞ்சி வேணும்.” அவர்கள் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் அந்த முகம் வரவில்லை. எனக்கு வந்தது. பிப்ரவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கேமரா ஓடாத நேரத்தில் வந்தது.

விஷயம் இதுதான். என் மகள் சேபோமுக்குக் கடல் உயிரியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. முதல் பருவக் கட்டணம் நாற்பத்து மூன்று லட்சத்து இருபதாயிரம் வோன். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கட்டாவிட்டால் இடம் வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அழுதாலும் புரண்டாலும் திரும்ப வராது. என் மனைவி கும்ஹி பூசோனில் ஒரு தொடுகறிக் கடையில் வேலை செய்கிறாள். கீரை அவித்து, முள்ளங்கி நறுக்கி, விரல் நுனியெல்லாம் மிளகாய்ச் சிவப்பேறி அவள் சேர்த்த பணம் அது. அவளே போய்க் கட்டியிருப்பாள். நான்தான் நடுவில் புகுந்தேன்.

“ஒரு தடவையாவது அப்பன் கையால கட்டறேனே. பொண்ணு நாளைக்குச் சொல்லிக்க ஒண்ணு வேணாமா?” என்றேன் திங்கட்கிழமை காலை.

கும்ஹி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் பணத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

வங்கிக்குப் போனேன். சத்தியமாகப் போனேன். வரிசைச் சீட்டுக்கூட எடுத்தேன். என் எண் நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தபோது நாயகனின் மேனேஜர் போன் செய்தான். முன்பணத்தில் பாக்கி இன்றைக்குள் வராவிட்டால் நாயகன் வேறு படத்துக்குப் போய்விடுவார் என்றான். நாயகன் போனால் முதலாளி போவார், முதலாளி போனால் படம் போகும், படம் போனால் நான் கிம்போவில் மச்சானின் கழிவுநீர் லாரி ஓட்டப் போக வேண்டியதுதான். ஆறு எண்கள் பொறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு மகளின் பணத்தை அவன் கணக்கில் கட்டினேன். முதலாளி வெள்ளிக்கிழமைக்குள் அடுத்த தவணை தருவார், அதில் என் சம்பளத்தை எடுத்துக் கல்லூரிக்குக் கட்டிவிடலாம் என்பது என் திட்டம். திட்டம் போடுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

அன்று இரவு கும்ஹி கேட்டாள். “கட்டியாச்சா?”

“கட்டியாச்சு,” என்றேன். இவ்வளவு இயல்பான வசன உச்சரிப்பை நான் எந்த நடிகரிடமிருந்தும் வாங்கியதில்லை.

முதலாளியின் பெயர் மேங். பன்றிக்கால் வறுவலுக்கென்று இருபத்து மூன்று கடைகள் வைத்திருப்பவர். எல்லாரும் சேர்மன் என்போம். வியாழக்கிழமை மாலை அவரைப் போய்ப் பார்த்தேன்.

“தவணைய அடுத்த மாசம் பாத்துக்கலாம், டைரக்டர்,” என்றார் பல் குத்திக்கொண்டே. “ஆனா நாளைக்குப் பூஜையில என் கவரைப் பாருங்க. பன்னி வாய் கிழியும்.”

எங்கள் வழக்கப்படி படப்பூஜைக்கு வேகவைத்த பன்றித் தலை ஒன்று வேண்டும். அதை மேஜை நடுவில் வைத்து, ஆளாளுக்கு வெள்ளை உறையில் பணம் போட்டு வாயில் செருகி, மூன்று தடவை தரையில் விழுந்து கும்பிடுவோம். அந்தப் பணம் அன்று இரவு எல்லாருக்குமான சாராயத்துக்கும் சாப்பாட்டுக்கும். பன்றி சிரித்த முகமாக இருந்தால் படம் ஓடும் என்பார்கள். ஆகவே சந்தையில் சிரிக்கும் பன்றிக்கு விலை கூட.

வெள்ளி விடிந்ததும் புரொடக்‌ஷன் மேனேஜர் தோ பில்குவோடு இஞ்சோன் சந்தைக்குப் போனேன். என்னைவிட ஆறு வயது இளையவன், என்னை அண்ணே என்று கூப்பிடுவான். அவனுக்கும் சம்பளம் பாக்கி.

“சிரிக்கிறது ஒரு லட்சத்து இருபதாயிரம். சும்மா இருக்கறது எழுபது. அவிச்சு ஃப்ரீசர்ல போட்டது நாப்பது,” என்றாள் இறைச்சிக் கடைக்காரி.

“அது மட்டும் ஏன் நாப்பது?”

“அது கோவத்தோட செத்திருக்கு.”

பில்கு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “அண்ணே, பூஜைக்குக் கோவக்காரப் பன்னி வேணாம்ணே. ஆளுங்க ஒரு மாதிரி பேசுவாங்க.”

“நம்மளுது க்ரைம் படம்டா. சிரிச்சாத்தான் தப்பு.”

நாற்பதாயிரம் கொடுத்து வாங்கி வந்தோம். அரை மணி நேரம் வெந்நீர் ஊற்றியும் அதன் தாடை அசையவில்லை. கடைசியில் விளக்குக்காரரின் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, இரண்டு சாப்ஸ்டிக்கை நடுவில் முட்டுக் கொடுத்து வாயைத் திறந்து வைத்தோம். பார்ப்பதற்கு என்னைத் திட்ட வாயெடுத்த மாதிரியே இருந்தது.

பதினொரு மணிக்குப் பூஜை. துறைமுகத்தில் மூடிக் கிடந்த மீன் கிடங்குதான் எங்கள் படப்பிடிப்பு இடம். பேரிக்காய், கருவாடு, சிவப்புப் பயறு தூவி அவித்த அரிசி அப்பம், அரிசிக் கள் எல்லாம் வரிசையாக அடுக்கி, வெள்ளைத் துணி விரித்த மேஜை. நான் முதல் ஆளாக விழுந்து கும்பிட்டேன். என் உறையில் பத்தாயிரம் வோன் நோட்டு ஒன்று. அதுவும் பில்குவிடம் காலையில் கடன் வாங்கியது. கேமராமேன், விளக்குக்காரர்கள், ஒலிப்பதிவாளர், டிரைவர்கள் என்று ஒவ்வொருவராகச் செருகினார்கள். நாயகன் வேனிலிருந்து நான்கு நிமிடம் இறங்கி வந்து, செல்போனில் படம் எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே கும்பிட்டார்.

கடைசியில் சேர்மன் வந்தார். கோட்டுப் பையிலிருந்து உறையை உருவினார். படத்துக்காகப் போலிப் பணக்கட்டுகள் செய்தபோது நான் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான விஷயம், ஐம்பதாயிரம் நோட்டை நூறு அடுக்கினால் சுண்டுவிரல் தடிமன் வரும் என்பது. சேர்மனின் உறை கட்டைவிரல் தடிமன் இருந்தது. சுண்டுவிரலுக்கே ஐம்பது லட்சம். அவர் அதைத் திணிக்கத் திணிக்க ஒரு சாப்ஸ்டிக் முறிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரையும்விட நான் பலமாகத் தட்டினேன்.

“முதல் ஷாட் ஓகே ஆகற வரைக்கும் பன்னி வாய்ல யாரும் கை வைக்கக் கூடாது,” என்று பில்கு அறிவித்தான். ஒவ்வொரு படத்திலும் அவன் வைக்கும் விதி அது. கடற்பறவைகள் கொத்தாமல் இருக்க மேஜையைத் தலையோடு தூக்கிக் கிடங்கின் சின்ன அலுவலக அறையில் வைத்தார்கள். முதல் ஷாட் ஒன்றரை மணிக்கு. அதற்குள் மதியச் சாப்பாடு. சாப்பாட்டு வண்டியில் மாட்டெலும்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சேர்மன் ஒரு கோப்பைக் கள்ளோடு காரேறிப் போய்விட்டார்.

படப்பிடிப்பில் இயக்குநர் தனியாக நடந்து போனால் யாரும் பின்னால் வர மாட்டார்கள். யோசிக்கிறார் என்று ஒதுங்கிக்கொள்வார்கள். பதினேழு வருடம் நானும் அப்படித்தான் ஒதுங்கி நின்றேன். இப்போது தோன்றுகிறது, அவர்களில் எத்தனை பேர் எதைத் திருடப் போனார்களோ.

அலுவலக அறைக் கதவைச் சாத்தினேன். பன்றியின் வாயில் கை விட்டேன். வெளியே ஓரளவு இளகியிருந்தாலும் உள்ளே இன்னும் ஐஸ். சேர்மன் உறையை இழுத்து, பல்லால் ஓரத்தைக் கிழித்தேன்.

உள்ளே நோட்டு இல்லை. அவருடைய கடைக் கூப்பன்கள் இருந்தன. இரண்டு தட்டுப் பன்றிக்கால் வாங்கினால் மூன்றாவது பாதி விலை. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் செல்லாது. இருநூறு கூப்பன்கள், ரப்பர் பேண்டு போட்டு. பன்றியின் வாயிலேயே அதன் காலுக்குத் தள்ளுபடி கொடுத்துவிட்டுப் போயிருந்தார் மனிதர். நான் அந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒவ்வொரு கூப்பனாகப் புரட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரே ஒரு நோட்டாவது ஒளிந்திருக்கும் என்று. அந்த நேரம் என் முகத்தைப் படமெடுத்திருந்தால் விருது கிடைத்திருக்கும்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சேர்மனிடம் திருடுவது ஒரு கணக்கில் என் சம்பளத்தை நானே எடுத்துக்கொள்வது என்று மனசைச் சமாதானம் செய்திருந்தேன். மிச்சம் இருந்த உறைகளுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அவை ஆரம்ப வேலைகள் தொடங்கி மூன்று மாதமாகியும் சம்பளம் பார்க்காதவர்களின் உறைகள். இருந்தும் என் கை நிற்கவில்லை. ஒவ்வொன்றாக உருவி, மேஜைக்கடியில் குந்தி உட்கார்ந்து பிரித்தேன். ஐம்பதாயிரம். முப்பதாயிரம். ஒலிப்பதிவாளர் ஒரு லட்சம் வைத்திருந்தார். அவர் வீட்டில் இரட்டைக் குழந்தை. நாயகன் பத்தாயிரம், கூடவே கையெழுத்துப் போட்ட அவருடைய படம். என் உறையையும் பிரித்தேன். எனக்கே தெரியாமல் நான் ஏதாவது அதிகம் வைத்திருப்பேனோ என்று.

அப்போது கதவு திறந்தது. மேஜைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு மூச்சை அடக்கினேன்.

வந்தது உடைப் பிரிவின் ஒம் சுன்ரே அம்மா. அறுபத்து மூன்று வயது, நாற்பது வருடமாகச் சினிமாவுக்குத் தைப்பவர். பூஜையில் அவரைக் காணவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பன்றியிடம் பேச ஆரம்பித்தார்.

“கோச்சுக்காதீங்க. அந்த ஹீரோவுக்கு வயிறு பெருத்துப் போச்சு. பேண்ட்டைப் பிரிச்சு விட்டுத் தைக்கறதுக்குள்ள பூஜை முடிஞ்சிருச்சு. எனக்கு முட்டி வலி, ஒரு தடவைதான் விழுவேன். அதை மூணாக் கணக்கு வச்சுக்குங்க.”

முட்டிகள் சொடுக்கும் சத்தம் என் காதுக்கு ஒரு முழம் தள்ளிக் கேட்டது.

“யாரும் ஏணியிலேர்ந்து விழாம படம் முடியணும். போன படத்துல ரெண்டு மாசச் சம்பளம் முழுங்கிட்டாங்க, இதுலயாவது வரணும். அப்புறம் டைரக்டரைப் பாத்துக்குங்க. அந்தாளுக்குத் திருடத் தெரியாது. இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு அது தெரியலைன்னா கஷ்டம்தானே.”

என் மடியில் முப்பத்தெட்டு உறைகள் கிடந்தன. அழுகை வந்தது. அழுதால் சத்தம் கேட்கும் என்று அதையும் கணக்குப் பார்த்து அடக்கினேன்.

அவர் எழுந்து தன் உறையைச் செருகப் போயிருப்பார். பன்றியின் வாய் காலியாக இருந்ததைப் பார்த்திருப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

“டைரக்டர்,” என்றார் அமைதியாக. “உங்க இடது கால் ஷூ வெளிய தெரியுது.”

வெளியே வந்தேன். ஐம்பத்தொரு வயதுக்காரன் மேஜைக்கடியிலிருந்து தவழ்ந்து வரும் காட்சியை அழகாக எடுக்க ஒரு கோணமும் கிடையாது.

“வாய் தெறந்து எல்லாம் கீழ விழுந்துடுச்சும்மா. பொறுக்கிட்டிருந்தேன்.”

அவர் என் கையிலிருந்து ஒரு உறையை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “நாப்பது வருஷமா தையல் பிரிக்கறேன். தானா விட்டது எது, கையால பிரிச்சது எதுன்னு எனக்குத் தெரியாதா?”

நான் நின்றேன். அவர் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை.

“எதுக்கு?”

சொன்னேன். கட்டணம், வங்கி, நூற்றுப் பதினெட்டு, நாயகனின் மேனேஜர், நான்கு மணி எல்லாம் சொன்னேன். நாயகனின் பேர் வந்த இடத்தில் மட்டும் அவர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டு அங்குலம் பெரிதாக்கிய பேண்ட் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

“இதுல மொத்தம் எவ்வளவு இருக்கு?”

“பதினாறு லட்சத்துச் சொச்சம்.”

“அப்போ திருடியும் பத்தல.”

“பத்தல.”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாம். இருந்திருக்காது. ஆனா கேட்டிருக்கலாம்ல?”

அவர் மேஜையில் இருந்த அரிசி அப்பத்தில் ஒரு விள்ளல் கிள்ளி, விரலால் குழைத்து, முதல் உறையின் வாயில் தடவி ஒட்டினார். அடுத்ததை என்னிடம் நீட்டினார். இருவரும் உட்கார்ந்து முப்பத்தெட்டையும் ஒட்டினோம். யார் உறையில் எவ்வளவு இருந்தது என்று அவர் கேட்கக் கேட்க நான் பிசகாமல் சொன்னேன். திருடும்போது எனக்கு ஞாபகசக்தி நன்றாக இருந்திருக்கிறது.

“பன்னிகிட்ட நான் பேசிக்கறேன்,” என்றார் கடைசி உறையைச் செருகிவிட்டு. “நீங்க பொண்ணுகிட்டப் பேசுங்க. நாலு மணிக்கு மேல சொல்லி என்ன புண்ணியம்?”

உடனே போன் செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. ஷாட் எடுக்கப் போனேன். நாயகன் கிடங்குத் தரையைத் தோண்டிப் பணத்தின் முனையைப் பார்க்கும் காட்சி. எட்டாவது டேக்கில் சரியாக வந்தது. வேண்டுமென்றே “இன்னொண்ணு” என்றேன். பதினொன்றாவதும் சரி, “இன்னொண்ணு” என்றேன். ஷாட் முடிந்தால் போனை எடுக்க வேண்டும். விளக்குகளுக்குப் பின்னால் ஒம் அம்மா கையில் ஊசியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினான்காவது டேக்கில் நாயகனுக்கே உண்மையான வெறுப்பு வந்துவிட்டது, அதுதான் நான் ஒத்திகையில் கேட்ட முகம். வேறு வழியில்லாமல் ஓகே சொன்னேன்.

பில்கு ஓடிப் போய்ப் பன்றியைத் தூக்கி வந்தான். உறைகளைப் பிரித்துச் சத்தமாகப் பேர் படித்தான். சேர்மனின் கூப்பன்களைப் பார்த்ததும் கிடங்கே அதிர்ந்தது. விளக்குக்காரர் சேர்மனுடைய குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் வரிசையாகத் திட்டினார். அந்தச் சத்தத்தில் நான் நழுவிக் கிடங்கின் பின்பக்கம் போனேன். மூன்று நாற்பத்தொன்று. கடல் பக்கமிருந்து காற்று முகத்தில் அறைந்தது. போனை எடுத்தேன்.

சேபோம் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். “என்னப்பா, ஷூட்டிங் இல்லையா?”

“இருக்கு. நீ எங்க இருக்கே?”

“அம்மா கடையில. முள்ளங்கி கழுவித் தர்றேன்.”

“சேபோம், உன் ஃபீஸ் விஷயம்.”

“கட்டியாச்சேப்பா.”

“இல்லம்மா. நான் கட்டல. அந்தப் பணத்தைப் படத்துக்குப் போட்டுட்டேன். உன் இடம்...” போனை மறு காதுக்கு மாற்றினேன். “உன் இடம் போகப் போகுது. நாலு மணியோட. நான்தான் காரணம்.”

“போகலப்பா. அம்மா செவ்வாய்க்கிழமையே கட்டிட்டாங்க. போட்டிருந்த சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தாங்க. ரசீது ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. நீங்க பாக்கலையா? உங்க கண்ணு உயரத்துக்குத்தான் ஒட்டச் சொன்னாங்க.”

செவ்வாய், புதன், வியாழன். மூன்று இரவும் அந்தக் கதவைத் திறந்து பீர் எடுத்தேன். என் காட்சியில் பின்னால் தொங்கும் நாட்காட்டியில் தேதி சரியா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவன் நான். மகளின் பேர் போட்ட காகிதம் மூக்குக்கு நேரே ஒட்டியிருந்ததைப் பார்க்கவில்லை. நிம்மதிதான் முதலில் வந்தது, சுவரில் சாய்ந்தேன். அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது. அது வந்த பிறகு நிம்மதி தங்கவில்லை.

“அம்மாகிட்டக் குடுக்கறேன்,” என்றாள் சேபோம்.

“சாப்பிட்டீங்களா?” என்றது கும்ஹியின் குரல்.

“ம்.”

“என்ன சாப்பாடு?”

“சாப்பிடல.”

“அஞ்சு நாள்ல இப்பத்தான் முதல் நிஜம் வருது.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“திங்கக்கிழமை ராத்திரியே தெரியும். கட்டியாச்சுன்னு சொல்லிட்டு ரெண்டாவது தடவை சோறு வாங்கினீங்க. பொய் சொன்னா உங்களுக்குப் பசிக்கும். கல்யாணமான நாள்லேர்ந்து பாக்கறேன்.”

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“கேட்டா சொல்லியிருப்பீங்க. கேக்காம சொல்றீங்களான்னு பாத்தேன். தினம் எதிர்ல உக்காந்து மீன் முள்ளை எடுத்து எடுத்து உங்க தட்டுல வச்சுக்கிட்டே பாத்தேன்.” கத்தி பலகையில் படும் சத்தம் சீராகக் கேட்டது. அவள் வேலையை நிறுத்தவில்லை. “பணம் போனதுக்கு நான் அழல. சீட்டுல நஷ்டம் வந்ததுக்கும் அழல. நாலு ராத்திரி நல்லாச் சாப்பிட்டீங்களே, அதுக்குத்தான் அழுதேன்.”

தொண்ணூற்று நான்கு காட்சிகள் எழுதிய கையில் ஒரு வசனமும் இல்லை. மன்னிப்புக் கேட்டால் அதுவும் நடிப்பாகத் தோன்றும் என்று பயமாக இருந்தது. அந்தப் பக்கம் யாரோ கீரைக்கு விலை கேட்டார்கள்.

“ஆள் வந்துட்டாங்க. வைக்கறேன்,” என்றாள்.

“கும்ஹி, இரு.” என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. உறைகள் ஒட்டியாகிவிட்டது, ஒம் அம்மா வாய் திறக்க மாட்டார். சொல்லாமல் விட்டால் கடைசி வரை யாருக்கும் தெரியாது. “இன்னிக்குப் பூஜைப் பணத்தைத் திருடினேன். பசங்க வச்ச பணம். பன்னி வாய்க்குள்ள கைய விட்டு எடுத்தேன். உடைக்கார அம்மா பாத்துட்டாங்க. திருப்பி வச்சுட்டேன். ஆனா பாக்கலைன்னா வச்சிருக்க மாட்டேன்.”

கத்திச் சத்தம் நின்றது. வாடிக்கையாளர் மறுபடி விலை கேட்டார்.

“கழுவினீங்களா?” என்றாள் கும்ஹி.

“எதை?”

“கைய.”

“இல்ல.”

“கழுவிட்டுச் சாப்பிடுங்க,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கிடங்குச் சுவரோரம் ஒரு குழாய் இருந்தது. பிப்ரவரித் தண்ணீர். விரல்கள் மரத்துப்போகும்வரை கழுவினேன். பிறகு சாப்பாட்டு வண்டிக்குப் போனேன். சூப் ஆறியிருந்தது. அதில் சோற்றைப் போட்டு நின்றபடியே சாப்பிட்டேன். வண்டிக்காரம்மா இன்னொரு கரண்டி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.